ராசிங்காபுரத்துப் பந்தலில் கொசுத்தேனீ

சுஃபியா வளர்க்கும் தேனீக்குக் கொடுக்கு கிடையாது. புதிதாகப் பார்க்கிறவர்களிடம் அவள் முதலில் இதைத்தான் சொல்லுவாள். சொன்ன பிறகும் ஆட்கள் ஓரடி தள்ளித்தான் நிற்பார்கள். "கொட்டாதுங்க. மிஞ்சிப்போனா தலைமுடிக்குள்ள புகுந்து நோண்டும், அவ்வளவுதான்" என்பாள். அதைக் கேட்டதும் இன்னும் ஓரடி தள்ளிப் போவார்கள்.

கறுப்பாக, எறும்பைவிடக் கொஞ்சம் பருத்து, கொசுவைப் போலத் திரியும் அந்த ஈக்குப் போடிப் பக்கம் கொசுத்தேனீ என்று பெயர். சுவர் இடுக்கிலோ மரப்பொந்திலோ குடியேறி, பிசினால் விரல் நீளத்துக்கு ஒரு குழாய் செய்து வாசலில் நீட்டி வைத்திருக்கும். பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கிச் சுவரில் அப்படி ஒரு குழாய் இருந்தது. சுஃபியா அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவாள். அக்கா மதீனா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். இழுத்த இழுப்பில் செருப்பு கழன்று விழுந்தால்கூட அந்தப் பிள்ளையின் கண் சுவரில்தான் இருக்கும்.

அந்த வீட்டில் எல்லாரும் ஏலக்காயில் பிழைத்தவர்கள். அத்தா கமிஷன் கடையில் எடை போட்டார். மதீனா எட்டாம் வகுப்போடு நின்று, கிட்டங்கியில் காய் தரம் பிரிக்கப் போனாள். சுஃபியா மட்டும் படித்தாள், அதுவும் விலங்கியல். "விலங்கியல்னா மாட்டாஸ்பத்திரியில வேல கெடைக்குமா?" என்று தெருவில் கேட்டார்கள். கிடைத்தது மாட்டாஸ்பத்திரியில் அல்ல, ஒரு தோட்டக்கலைக் கல்லூரியில். பேராசிரியர் சூர்யகலாவிடம் ஆய்வு உதவியாளர் வேலை. விடிந்ததும் பஸ் ஏறிப் போய், சோதனைச் சாலையில் கண்ணாடிக் குழாய் கழுவுவதில் ஆரம்பித்தாள். பிறகு அவளே தேனீப் பெட்டிகளுக்குப் பொறுப்பானாள்.

சூர்யகலா ஒரு சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்துவந்தார். கொசுத்தேனீ தன் கூட்டுக்குள் மெழுகுக் கிண்ணங்களில் மகரந்தத்தைச் சேர்த்து வைக்கிறது. அடைமழையில் வெளியே எல்லாம் பூஞ்சணம் பிடிக்கும்போதும் அந்தக் கிண்ணத்தில் பிடிப்பதில்லை. ஏன் என்று தேடியதில், ஈயின் உடம்பிலும் கிண்ணத்திலும் ஒரு பாக்டீரியா குடியிருப்பது தெரிந்தது. அதைப் பிரித்தெடுத்து, திராட்சை இலைத் துண்டுகளின் மேல் தடவி, மழைக்காலத்தில் திராட்சையைத் தாக்கும் செவட்டை நோய்க் கிருமியை விட்டுப் பார்த்தார்கள். தடவிய துண்டு பச்சையாகவே இருந்தது. தடவாத துண்டு மஞ்சள் விழுந்து, அடியில் வெள்ளை படர்ந்து, சிவந்து கருகியது.

இலைத் துண்டில் நடந்தது தோட்டத்தில் நடக்குமா என்று பார்க்க ஒரு தோட்டம் வேண்டும். அப்படித்தான் சுஃபியா ராசிங்காபுரத்து விஜயபாண்டியிடம் போய்ச் சேர்ந்தாள்.

விஜயபாண்டியிடம் ஒரு பன்னீர் திராட்சைப் பந்தல் இருந்தது. அவருடைய அப்பா வைத்த கொடி. அடுத்தடுத்து இரண்டு ஐப்பசி மழையில் செவட்டை விழுந்து, குலை குலையாகப் பிஞ்சு சூம்பிப் போயிருந்தது. இனி ஒரு தடவை அப்படிப் போனால் கொடியை அடியோடு வெட்டிவிட்டுத் தென்னை வைப்பது என்று முடிவு செய்திருந்தார்.

"துத்தம் அடிக்கிறீங்கல்ல?" என்று கேட்டாள் சுஃபியா. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடிப்பதுதான் அங்கே வழக்கம்.

"மொட்டுல அடிப்பேன். பூத்த பெறகு அடிச்சா பூவு கருகும். அடிக்காம விட்டா அந்த நேரம் பாத்துத்தான் மழ பேயும். இதுக்கு என்ன செய்யச் சொல்ற?"

"பூவுக்கு மட்டும் மருந்த ஈ கொண்டு போனா எப்டிண்ணே?"

அவர் மனைவி தமிழ்செல்வி சிரித்துவிட்டாள். "ஈ மருந்தடிக்குமா? அப்ப இவரு கூலி மிச்சம்."

சுஃபியா பொறுமையாகச் சொன்னாள். அந்தப் பாக்டீரியாவைப் பெருக்கி மெல்லிய பொடியில் கலந்து வைப்பார்கள். பெட்டி வாசலில் பொருத்திய சோப்பு டப்பாவில் பொடி இருக்கும். வெளியே போகிற ஈ அதை மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும். போய் உட்காருகிற பூவில் பொடி ஒட்டும். இலைக்கு அது உதவாது, இலைக்குப் பழையபடி மருந்துதான். பூவையும் பிஞ்சையும் காப்பாற்றத்தான் இது. ஒரு நிபந்தனை. துத்தம் பட்டால் இந்தப் பாக்டீரியா செத்துவிடும். அதனால் மொட்டிலும் பூவிலும் துத்தம் அடிக்கக்கூடாது.

விஜயபாண்டி கொடியின் அடித்தண்டைத் தட்டிப் பார்த்தார். "எப்டியும் வெட்டப்போற கொடிதான். சரி, கொண்டா உன் ஈய. ஆனா மொட்டுல நான் அடிக்காம விடுறது உன் பேச்ச நம்பித்தான் பாத்துக்க."

அந்தச் சொல்லைச் சுஃபியா வீட்டுக்கு வந்து மதீனாவிடம் அப்படியே சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது.

கல்லூரியின் தேனீப் பெட்டிகள் மலைமேல், போடிமெட்டைத் தாண்டி ஒரு ஏலத்தோட்டத்தில் இருந்தன. கீழே கொண்டுவருவதற்கு முன்னால் ஈக்களுக்குச் சோப்பு டப்பா பழக வேண்டும். திடீரென்று வாசலில் புதுச் சாமானை வைத்தால் பிசினைப் பூசி அடைத்துவிடும். ஆகையால் சுஃபியா பொடிப் பொட்டலங்களோடு ஜீப்பில் மேலே போனாள். பாதி வழியில் பிடித்த மழை விடவில்லை. ஜீப்பின் பக்கவாட்டுப் படுதா கிழிந்திருந்தது. இறங்கும்போது பையும் நனைந்திருந்தது, பொட்டலமும் நமத்திருந்தது. பிரித்துப் பார்த்தால் பொடி கட்டி கட்டியாக இருந்தது. ஈயின் காலில் அது ஒட்டாது.

ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் என்றால் காய் உலர்த்தும் சூட்டறை. கீழே விறகு எரிய, அறைக்குள் இரும்புக் குழாய்களில் சூடு ஓடும். மேலே அடுக்குத் தட்டுகளில் பச்சைக் காய் கிடந்து காயும். மழைக்காலத்தில் அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அந்த ஸ்டோர்தான் வெயில். பிள்ளைகளின் சீருடை, நமத்த அப்பளம், தீப்பெட்டி, ஈரம் வாங்கிய ரேஷன் உப்பு, எல்லாம் அங்கேதான் காய்ந்து வரும். அத்தா மலைக்குப் போய் வரும்போதெல்லாம் அவர் சட்டையில் ஏலக்காயும் விறகுப் புகையும் சேர்ந்து மணக்கும். சுஃபியாவுக்குப் பிறந்ததிலிருந்து பழகிய மணம் அது.

"என்ன தாயி, மாவு நனஞ்சுருச்சா?" என்றார் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் சின்னமுத்து. "உள்ள வையி. காலையில மொறுமொறுன்னு எடுத்துக்கலாம்."

"சரி மாமா" என்று கொடுத்துவிட்டாள்.

மறுநாள் பொடி பவுடர் மாதிரி உதிர்ந்தது. விரலில் தொட்டுப் பார்த்து அவளுக்கே மகிழ்ச்சி. டப்பாவில் பரப்பினாள். ஈக்கள் முதலில் முறைத்தன, பிறகு மிதித்துக்கொண்டு பறந்தன. கால்களெல்லாம் வெள்ளை. சில நாளில் பெட்டிகளை ஜீப்பில் ஏற்றி ராசிங்காபுரத்துக்கு இறக்கினாள்.

கொடியில் பூ விரிந்திருந்தது. திராட்சைப் பூவைப் பூ என்று சொல்வதே கஷ்டம், கடுகளவு பச்சை. கிட்டப் போனால் லேசாக மணக்கும். ஈக்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. வேலியில் முருங்கை பூத்துக் குலுங்கியது. வெள்ளைக் காலோடு எல்லாம் நேரே அங்கே போயின.

"உன் ஈக்குக் காரியம் தெரியும் பாப்பா" என்றார் விஜயபாண்டி. "இனி இந்த முருங்கைக்குச் செவட்டையே வராது."

சுஃபியா சிரிக்க முயன்றாள். சிரிப்பு வரவில்லை. தமிழ்செல்விதான் தொரட்டியை எடுத்துக்கொண்டு வந்து முருங்கைப் பூவையெல்லாம் பறித்துப் போட்டாள். "ரெண்டு நாளைக்குப் பூப் பொரியல்தான். ஈக்கும் வேற போக்கிடம் இல்ல." பெட்டிகளைப் பந்தலுக்கு நடுவில் மாற்றி வைத்தார்கள். அதற்குப் பிறகு கொசுத்தேனீ திராட்சைப் பூவில் இறங்கியது. கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பூவில் வெள்ளைத் துகள் தெரிந்தது. விஜயபாண்டியும் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். வாங்கினவர் லேசில் திருப்பித் தரவில்லை.

பூவில் பாக்டீரியா உயிரோடு ஒட்டியிருக்கிறதா என்று சோதிப்பது சுஃபியாவின் வேலையில் ஒரு பகுதி. சில பூக்களைப் பறித்துப் போய்க் கல்லூரியில் வளர்ப்புத் தட்டில் தொட்டு வைத்தாள். நல்ல பாக்டீரியா இருந்தால் தட்டில் பாலாடை நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். தட்டைத் திறந்தபோது பாலாடை நிறத்தில் ஒன்றுகூட இல்லை. வேறு ஏதோ பூஞ்சணம் இரண்டு படர்ந்திருந்தது, அவ்வளவுதான். தன் கை சரியில்லையோ என்று இன்னொரு தட்டில் மிச்சமிருந்த பொடியையே நேராகத் தூவிப் பார்த்தாள். அதிலும் இல்லை.

"பொடிய எங்க வச்சிருந்த?" என்று கேட்டார் சூர்யகலா.

"மழையில நனஞ்சிருச்சு மேடம். அதான் ஸ்டோர்ல..."

வாக்கியம் பாதியில் நின்றது. ஏலக்காயின் ஈரத்தை உறிஞ்சும் சூடு எவ்வளவு என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அந்தச் சூட்டை இந்தப் பாக்டீரியா தாங்காது என்பதும் அவளுக்குப் பாடமாகத் தெரிந்ததுதான். தெரிந்த இரண்டும் அன்றைக்கு அவள் மனதில் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. ஈரம் என்றால் ஸ்டோர் என்று கை தானாகப் போய்விட்டது.

சூர்யகலா திட்டவில்லை. "புதுசா பெருக்க ஒரு வாரம் ஆகும். அதுக்குள்ள அங்க பூ முடிஞ்சிரும். தோட்டம் அவரோடது சுஃபியா. அவருக்குத் தெரியணும்" என்றார்.

வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று உட்கார்ந்தாள். மதீனா காரணம் கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு மெதுவாக, "சொல்லாட்டியும் யாருக்கும் தெரியாதுக்கா. மேடம் போயிச் சொல்ல மாட்டாங்க. செவட்டை விழுந்தா மழைதான் காரணம்னு நெனச்சுக்குவாரு" என்றாள்.

"நீ அப்டி விடப்போறியா?"

"இல்ல."

"பின்ன எதுக்குடி அத என்கிட்டச் சொல்ற?"

"யார்கிட்டயாவது சொல்லிட்டா அந்த நெனப்பு போயிரும்ல."

மறுநாள் மதீனா கிட்டங்கிக்கு லீவு சொல்லிவிட்டுத் தங்கையோடு ராசிங்காபுரம் பஸ் ஏறினாள். மேற்கே மலை தெரியவில்லை. மேகம் அடிவாரம் வரை இறங்கியிருந்தது.

விஜயபாண்டி பந்தலுக்கடியில் களை பறித்துக்கொண்டிருந்தார். "என்ன, அக்காளும் தங்கச்சியும் சேந்து வந்துருக்கீங்க?"

"அண்ணே, பொடி செத்துப் போச்சு" என்றாள் சுஃபியா.

"பொடி எங்கயாச்சும் சாகுமா?"

"அதுல உசுரு இருந்துச்சுண்ணே. நனஞ்சுருச்சுன்னு நான்தான் ஏலக்கா ஸ்டோர்ல வச்சு அவிச்சுட்டேன். இந்த ஈ இத்தன நாளும் வெறும் மாவத்தான் சொமந்துருக்கு."

அவர் எழுந்து நின்றார். தலைக்கு மேலே தொங்கிய பூக்குலையை ஒரு கையால் தாங்கிப் பார்த்தார். "அப்ப இதுக்குக் காவலே இல்ல."

"இல்ல. மழ வருது. இன்னைக்கே துத்தம் அடிச்சுருங்க."

"இப்ப அடிச்சா பூவு கருகும்."

"கொஞ்சம் கருகும்ணே. அடிக்காட்டி முழுசும் போயிரும்."

"மொட்டுல அடிச்சிருந்தா கருகாம இருந்திருக்கும்." அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று சுஃபியாவுக்கு இருந்தது. "உன் பேச்சக் கேட்டுத்தான அடிக்காம விட்டேன்? எனக்குத் தெரிஞ்ச வேலையவாச்சும் செஞ்சிருப்பேன்ல?"

மதீனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுஃபியா அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். "ஆமாண்ணே. செஞ்சிருப்பீங்க" என்றாள்.

தமிழ்செல்வி கிணற்றடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. "அவள வையிறத அப்பறம் வையலாம். வெரசா டிரம்மக் கழுவுங்க, மழ வந்துறப் போகுது" என்று குரல் கொடுத்தாள்.

அப்புறம் வேலைதான் நடந்தது. தமிழ்செல்வி சுண்ணாம்பு கரைத்தாள். விஜயபாண்டி துத்தம் கரைத்தார். சுஃபியா ஒவ்வொரு பெட்டி வாசலையும் பஞ்சால் அடைத்து, மார்போடு அணைத்துத் தூக்கிக் கிணற்றுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தாள். மதீனா தண்ணீர் இறைத்து ஊற்றினாள். நீலத் தண்ணீர் பந்தலுக்கடியில் மூட்டமாய் நின்றது. எல்லார் தலையிலும் நீலப் பொட்டு.

கிணற்றடிக்கு அருகே கடைசி வரிசைக்கு வந்தபோது விஜயபாண்டி தெளிப்பானை நிறுத்தினார். புதுத் தளிர் விடுவதற்காகக் கிளையை நறுக்கிவிடும் கவாத்து அந்த வரிசைக்குத் தாமதம். வெட்ட வந்த ஆட்கள் பாதியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பிறகுதான் திரும்பினார்கள். அதனால் அங்கே இன்னும் மொட்டுதான், விரியவில்லை.

"இதுலயும் அடிச்சுருங்கண்ணே" என்றாள் சுஃபியா. "மொட்டுதான, கருகாது."

அவர் கைப்பிடியை அழுத்தப் போனார். தமிழ்செல்வி தடுத்தாள். "இது தெறக்க இன்னும் நாளாகும். அந்தப் புள்ள புதுப் பொடி கொண்டாந்தா கொண்டாரட்டும். வராட்டி அப்ப அடிச்சுக்கிறது. என்ன அவசரம்?"

விஜயபாண்டி சுஃபியாவைப் பார்க்காமலே, "எப்ப வரும்?" என்றார்.

"ஒரு வாரத்துல, மொட்டு விரியறதுக்குள்ள கொண்டாந்துருவேண்ணே. வரலைன்னா நானே வந்து அடிக்கச் சொல்றேன்."

அவர் தெளிப்பானைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார்.

புதுப் பொடி பஸ்ஸில் ஈரத்துணி சுற்றிய தூக்குவாளிக்குள் வந்தது. வழியெல்லாம் சுஃபியா அதை மடியைவிட்டு இறக்கவில்லை. உள்ளே என்ன என்று பக்கத்து சீட்டு அம்மாள் கேட்டதற்கு, "உசுரு" என்று சொல்லி அவரைக் குழப்பிவிட்டாள். தமிழ்செல்வி அதைத் தண்ணீர்ப் பானைக்கு அருகில் ஈரமணலில் புதைத்து வைத்தாள். பால் திரிந்துவிட்டதா என்று பார்ப்பதுபோலத் தினம் திறந்து மோந்து பார்த்தாளாம். பூ விரிந்தது. ஈக்கள் இறங்கின. இந்தத் தடவை தட்டில் பாலாடை நிறப் புள்ளிகள் நெருக்கமாக வந்தன. சுஃபியா அதைப் படம் பிடித்து முதலில் அனுப்பியது விஜயபாண்டியின் போனுக்குத்தான்.

அதன் பிறகு மழை, நல்ல மழை. கொட்டகுடி ஆற்றில் செந்தண்ணீர் போனது. சுஃபியா நனைந்துகொண்டே போய் இலைகளின் அடியைப் புரட்டிப் பார்த்தாள். இலையில் செவட்டை விழத்தான் செய்தது, எல்லா வரிசையிலும். துத்தம் அடித்த வரிசைகளில் பூ கருகியதில் குலை பொக்கையாகிப் போனது, இருந்த காய் தேறியது. கிணற்றடி வரிசையில் சில குலை சூம்பிற்று. மற்றவை நெருக்கமாக, இடம் போதாமல் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பருத்தன.

சூர்யகலா வந்து பார்த்துவிட்டு, "ஒரு வரிசைய வச்சு எதையும் சொல்லக்கூடாது. லேட்டாப் பூத்ததாலகூடத் தப்பிச்சிருக்கலாம். இன்னும் ரெண்டு பருவம் பாக்கணும்" என்றார். சுஃபியாவும் அதைத்தான் நினைத்திருந்தாள். ஆனால் இன்னும் இரண்டு பருவம் பார்க்கக் கொடி இருக்க வேண்டுமே.

அதை அவள் விஜயபாண்டியிடம் கேட்கவில்லை. அறுவடை முடிந்தது. பந்தல் வெறிச்சோடியது. ராசிங்காபுரம் பக்கம் போகும்போதெல்லாம் தென்னங்கன்று ஏதும் வந்து இறங்கியிருக்கிறதா என்று கண் தேடும். விஜயபாண்டி வாய் திறக்கவே இல்லை. மதீனா, "நீயே கேட்டா என்னடி?" என்பாள். "அந்தக் கேள்வியக் கேக்குற யோக்கியத எனக்கு இல்லக்கா" என்பாள்.

ஒருநாள் காலை போன் வந்தது. "பாப்பா, நாளைக்கு ஆளு வர்றாங்க. நீயும் வா."

"எதுக்குண்ணே, வெட்டவா?"

"கவாத்துக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் பந்தலடியில் ஆட்கள் கத்தரியோடு நின்றார்கள். கிழக்கே பார்த்து ஒரு கொடிக்குத் தமிழ்செல்வி மஞ்சள் தொட்டு வைத்திருந்தாள். அங்கே முதல் வெட்டைக் கைராசி உள்ள ஒருவர்தான் வெட்ட வேண்டும். வருஷா வருஷம் அது விஜயபாண்டியின் கை. அவர் கத்தரியைச் சுஃபியாவிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "என் கை வேணாம்ணே. மதினி வெட்டட்டும்."

"ஏன், பொடிய அவிச்ச கைங்கிறியா?" என்றாள் தமிழ்செல்வி. நின்ற ஆட்களெல்லாம் சிரித்தார்கள். சுஃபியாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே கண்ணில் தண்ணீரும்.

"ரெண்டு தவணையா வெட்டுவமா?" என்றார் விஜயபாண்டி. "பாதி இன்னைக்கு, பாதி பத்து நாள் கழிச்சு. ரெண்டுலயும் சில வரிசைய வல போட்டு மூடிட்டு ஈய விட்டுப் பாத்தா, லேட்டாப் பூத்ததாலயா, உன் பொடியாலயான்னு தெரிஞ்சுருமா, தெரியாதா?"

"தெரியும்ணே" என்றாள்.

"அப்ப எத மொத வெட்டணும்னு நீதான சொல்லணும்? பிடி, வெயில் ஏறுது."

சுஃபியா கத்தரியை வாங்கினாள். நுனியிலிருந்து கணுக்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே வந்து, சரியான கணுவுக்கு மேலே நிறுத்தி, ஒருமுறை அவரைப் பார்த்துவிட்டு வெட்டினாள். வெட்டிய வாயில் தெளிந்த தண்ணீர் ஊறி, உருண்டு, அவள் புறங்கையில் சொட்டியது. அவள் அதைத் துடைக்காமல் அடுத்த கொடிக்கு நகர்ந்தாள்.